தானாக மூடப்படும் குற்றப் பதிவுகள்: பொதுமக்கள் தரும் விலை என்ன?

2019 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பழைய சிறு குற்றப் பதிவுகளைக் கணினியே தேடி எடுத்துப் பொதுப் பார்வையிலிருந்து அகற்றும் பணி தொடங்கியது. யாரும் மனுப் போடவில்லை, வழக்கறிஞருக்குப் பணம் கட்டவில்லை, நீதிபதி முன்னால் போய் நிற்கவுமில்லை. முதல் ஓராண்டிலேயே 3 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் இவ்வாறு மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை தண்டனையில் முடியாத வழக்குகளும், அபராதத்தோடு தீர்ந்துபோன மிகச் சிறிய மீறல்களும்தான். பயன்பெற்றோர் 10 லட்சத்துக்கும் மேல்.

அமெரிக்காவில் ஏதேனும் ஒருவகைக் கைது அல்லது தண்டனைப் பதிவு உள்ளவர்கள் 7 கோடி முதல் 10 கோடிப் பேர் என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. வயதுவந்தோரில் ஏறக்குறைய மூவரில் ஒருவர். நீதிமன்ற ஆவணங்கள் யாவும் பொதுச் சொத்து என்று கருதும் நாடு அது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை நீதிமன்ற இணையதளத்தில் தட்டினால் பல மாநிலங்களில் அவருடைய பழைய வழக்குகள் வந்து நிற்கும். அத்தகைய நாட்டில் கோடிக்கணக்கான பதிவுகளை ஒரே வீச்சில் மூடும்போது ஒரு கேள்வி தவிர்க்க முடியாதது: இதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? ஆளெடுக்கும் முதலாளியா, வீட்டு உரிமையாளரா, செய்தியாளரா, கஜானாவா? மூடாமல் விட்டால் வரும் விலை அதைவிடப் பெரிதா?

அரை நூற்றாண்டுக்கும் மேலாக இதற்குப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஓட்டையும் இருக்கிறது.

பழைய யோசனை, புதிய கருவி

குற்றத்தைக் காலம் தீர்த்துவைக்க வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. பிரிட்டனில் கார்டினர் பிரபு தலைமையிலான குழு 1972இல் பழைய தண்டனைகளின் சிக்கல் பற்றி அறிக்கை தந்தது. அதைத் தொடர்ந்து 1974இல் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட காலம் வேறு குற்றமின்றிக் கழிந்தால், பெரும்பாலான வேலைகளைப் பொறுத்தவரை அந்தத் தண்டனை 'தீர்ந்துபோனது'. அதற்கு மனு எதுவும் தேவையில்லை. காலமே அதைச் செய்துவிடும். இந்தச் சட்டம் பலமுறை தளர்த்தப்பட்டிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, ஓராண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனை, தண்டனைக் காலம் முடிந்து ஓராண்டில் தீர்ந்துவிடும்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1950ஆம் ஆண்டின் மத்திய இளைஞர் திருத்தச் சட்டம் இளங்குற்றவாளிகளின் தண்டனையை ரத்துசெய்யும் வழியைத் தந்தது. 1984இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. நியூயார்க் 1976இலேயே குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக முடிந்த வழக்குகளின் பதிவுகளை மூட ஏற்பாடு செய்தது. தண்டனை பெற்றவர்களின் பதிவுகளை மூடுவது பெரும்பாலும் மனு போட்டு, நீதிபதியின் விருப்புரிமைக்குக் காத்திருக்கும் நடைமுறையாகவே இருந்தது.

அதே காலகட்டத்தில் பதிவுகளின் இயல்பே மாறியது. நீதிமன்ற அலமாரியில் தூசி படிந்து கிடந்த கோப்பு கணினிக்குள் போனது. கணினியிலிருந்து தனியார் பின்னணிச் சரிபார்ப்பு நிறுவனங்களின் தரவுக் கிடங்குகளுக்குப் போனது. ஒருகாலத்தில் யாரும் தேடிப் போகாததால் மறைந்திருந்த விவரம் சில டாலர் செலவில் சில நொடிகளில் கிடைக்கலாயிற்று.

மனு முறை எவ்வளவு குறைவானவர்களுக்கே பயன்பட்டது என்பதைச் சட்டப் பேராசிரியர்கள் ஜே. ஜே. பிரெஸ்காட், சோன்யா ஸ்டார் ஆகிய இருவரும் மிஷிகன் மாநிலத் தரவைக் கொண்டு 2020இல் ஹார்வர்ட் சட்ட இதழில் காட்டினார்கள். பதிவை நீக்கிக்கொள்ளத் தகுதி பெற்றவர்களில், ஐந்தாண்டுகளுக்குள் அதை உண்மையில் செய்துகொண்டவர்கள் 6.5 சதவீதம் மட்டுமே. இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே தெரியாமை, கட்டணம், விரல்ரேகை முதல் சான்றிட்ட நகல் வரை நீளும் அலைச்சல், நீதிமன்றப் படியை மீண்டும் மிதிக்கும் அச்சம் என்று காரணங்கள் பல. வசதியும் விவரமும் உள்ளவருக்கு மட்டும் மன்னிப்பு கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்தவைதான் பதிவுகளைத் தானாக மூடும் 'கிளீன் ஸ்லேட்' சட்டங்கள். பென்சில்வேனியா 2018இல் முதலில் சட்டம் இயற்றியது. குடியரசுக் கட்சியின் ஷெரில் டெலோசியரும் ஜனநாயகக் கட்சியின் ஜோர்டன் ஹாரிசும் சேர்ந்து முன்னெடுத்த மசோதா அது. 2019இல் யூட்டா, 2020இல் மிஷிகன், 2021இல் கனெக்டிகட், டெலவேர், வர்ஜீனியா, 2022இல் ஓக்லஹோமா, கொலராடோ, 2023இல் மினசோட்டா, நியூயார்க் என்று வரிசை நீண்டது. நாடு முழுவதற்குமான மசோதா மட்டும் மத்திய நாடாளுமன்றத்தில் பலமுறை அறிமுகமாகியும் நிறைவேறவில்லை.

முதல் பதில்: மூடாமல் விடுவதே பெரிய செலவு

ஆதரவாளர்களின் வாதம் பொருளாதாரத்திலிருந்து தொடங்குகிறது. வேலை செய்யக்கூடியவரை வெளியே நிறுத்தினால் அவர் மட்டும் இழப்பதில்லை. வரி வருவாய் குறைகிறது, நலத்திட்டச் செலவு கூடுகிறது, மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பும் வளர்கிறது.

இந்த வாதத்தின் முதுகெலும்பாக அடிக்கடி காட்டப்படுவது சமூகவியலாளர் டேவா பேஜர் மில்வாக்கி நகரில் நடத்தி 2003இல் வெளியிட்ட கள ஆய்வு. கல்லூரி மாணவர்களான நான்கு இளைஞர்கள், இரண்டு வெள்ளையர், இரண்டு கறுப்பினத்தவர், இணை இணையாக 350 நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள். தொடக்கநிலை வேலைகள்தான். கல்வி, அனுபவம், பேச்சு எல்லாம் ஒன்றுபோல. ஒரே வேறுபாடு, இணையில் ஒருவர் தமக்குச் சிறைத்தண்டனை உண்டு என்று விண்ணப்பத்தில் எழுதுவார். வாரந்தோறும் அந்த வேடம் கைமாறும். பதிவில்லாத வெள்ளையரை நிறுவனங்கள் திரும்ப அழைத்தது 34 சதவீதம். பதிவுள்ள வெள்ளையரை 17 சதவீதம். பதிவில்லாத கறுப்பினத்தவருக்கு 14 சதவீதம்; பதிவுள்ளவருக்கு 5 சதவீதம். குற்றமே செய்யாத கறுப்பின இளைஞரைவிடச் சிறை சென்ற வெள்ளையருக்கு அழைப்பு அதிகம் என்ற அந்த முடிவு இன்றும் படிப்பவரை உலுக்குகிறது.

தேச அளவில், பொருளாதாரக் கொள்கை ஆய்வு மையம் 2016இல் ஒரு மதிப்பீடு தந்தது. முன்னாள் கைதிகளும் பெருங்குற்றத் தண்டனை பெற்றவர்களும் வேலைச் சந்தையில் சந்திக்கும் தடைகளால் 2014இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7,800 கோடி முதல் 8,700 கோடி டாலர் வரை இழப்பு ஏற்பட்டது என்பது அதன் கணக்கு. பிரெஸ்காட்டும் ஸ்டாரும், பதிவு நீக்கப்பட்டவர்களின் ஊதியம் ஓராண்டுக்குள் சராசரியாக 22 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததைக் கண்டார்கள். ஐந்தாண்டுகளில் அவர்களில் மீண்டும் தண்டிக்கப்பட்டவர்கள் 4.2 சதவீதம், வன்முறைக் குற்றத்துக்காக 0.6 சதவீதம்.

எண்கள் வலுவானவைதாம். ஆனால் அவற்றைச் சிறு குற்றங்களின் தானியங்கி மூடலுக்கு அப்படியே பொருத்துவதில் சிக்கல் உண்டு. பேஜரின் இளைஞர்கள் சொல்லிக்கொண்டது போதைப்பொருள் விற்பனை நோக்கத்தோடு வைத்திருந்ததற்காகப் பதினெட்டு மாதச் சிறை. அது சிறு குற்றமே அல்ல. 2016 மதிப்பீடும் பெருங்குற்றத்தைப் பற்றியது. மிஷிகனில் நீக்கம் பெற்ற 6.5 சதவீதத்தினர் தாமாக முன்வந்து, அலைந்து திரிந்து, நீதிபதியை ஏற்கவைத்தவர்கள். அவர்களுடைய முயற்சியும் நிலைத்த வாழ்வும் ஊதிய உயர்வில் எவ்வளவு பங்கு வகித்தன என்பதை முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது. இயந்திரம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதவைத் திறக்கும்போது அதே உயர்வு வரும் என்று எதிர்பார்க்க ஆதாரம் போதாது.

இரண்டாம் பதில்: மறைக்கப்படும் தகவலுக்கும் விலை உண்டு

எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் ஒதுக்கக்கூடியதல்ல. முதியவரைக் கவனிக்க ஆள் தேடும் குடும்பம், பணப்பெட்டியை ஒப்படைக்கும் கடைக்காரர், வாடகைக்கு விடும் உரிமையாளர் ஆகியோருக்கு முடிவெடுக்கத் தகவல் தேவை. ஊழியர் பிறருக்குத் தீங்கு செய்தால், விசாரிக்காமல் ஆளெடுத்தார் என்று முதலாளி மீதே வழக்குத் தொடரும் மரபு அமெரிக்காவில் உண்டு.

'நிரந்தரக் குற்றப் பதிவு' பற்றி 2015இல் நூல் எழுதிய சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் ஜேக்கப்ஸ் இதைக் கொள்கை அளவில் எழுப்பினார். நீதிமன்றம் பகிரங்கமாகச் செய்ததை அரசே பின்னாளில் நடக்காததுபோலக் காட்டுவது, வெளிப்படையான நீதிக்கு எதிரானது என்பது இந்தத் தரப்பின் சாரம். செய்தியாளர்களின் கவலையும் இதனோடு சேர்ந்தது: காவல்துறை யாரைக் கைதுசெய்தது, எந்த நீதிபதி யாரிடம் மென்மை காட்டினார் என்பதைப் பழைய பதிவுகளிலிருந்துதான் கண்டறிய முடியும். பதிவு மூடப்படும்போது தனிமனிதரின் தவறோடு அரசின் தவறும் சேர்ந்தே மறைகிறது.

'சிறு குற்றம்' என்ற வகைப்பாடே நம்பத்தக்கதா என்ற ஐயமும் உண்டு. அமெரிக்கத் தண்டனைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் விசாரணையின்றி, பேரத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வதால் வருபவை. கடுமையான செயல் ஒன்று பேரத்தில் சிறு குற்றமாகச் சுருங்கலாம். ஒன்றும் செய்யாதவர் சிறையிலிருந்து வெளியே வந்தால் போதுமென்று சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கவும் கூடும். நீதிபதி மனுவைப் படித்தால் இந்த வேறுபாட்டை ஓரளவு கவனிக்கலாம். நிரலுக்குத் தெரிவது குற்றப்பிரிவின் எண்ணும் தரமும் மட்டுமே.

முதலாளிக்குப் பழைய பதிவு தேவை என்ற வாதத்துக்கு மிகத் தெளிவான மறுமொழி குற்றவியல் புள்ளியியலிலிருந்து வந்தது. குர்லிசெக், பிரேம், புஷ்வே ஆகியோர் 1958இல் பிறந்த பிலடெல்பியா நகரத்தவரின் தரவை 2006இல் ஆராய்ந்தனர். கடைசிக் குற்றத்துக்குப் பின் ஆறேழு ஆண்டுகள் அமைதியாகக் கழித்தவரின் புதிய குற்ற வாய்ப்பு, பதிவே இல்லாதவரின் வாய்ப்பை நெருங்கிவிடுகிறது என்றார்கள். ஆல்பிரட் புளூம்ஸ்டீனும் கிமினோரி நகமுராவும் 2009இல், 1980இல் நியூயார்க்கில் முதன்முறையாகக் கைதானவர்களைப் பின்தொடர்ந்து இதைத் துல்லியப்படுத்தினர். பதினெட்டு வயதில் வீடுபுகுந்து திருடியதற்காகக் கைதானவர், 3.8 ஆண்டுகளில் தம் வயதுப் பொதுமக்களின் அளவுக்கு வந்துவிடுகிறார். வழிப்பறிக்காகக் கைதானவருக்கு 7.7 ஆண்டுகள் ஆகின்றன.

இதன் பொருள் எளிது. பத்தாண்டுப் பழைய சிறு குற்றப் பதிவு, அந்த மனிதர் இனி என்ன செய்வார் என்பதைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. அதை மறைப்பதால் முதலாளி இழக்கும் பயனுள்ள தகவலும் சொற்பமே. ஆனால் இங்கும் எல்லைகள் உண்டு. நியூயார்க் ஆய்வின் முடிவு முதல்முறை கைதானவர்களைப் பற்றியது. பலமுறை தண்டனை பெற்றவருக்கு அதே காலஅளவு பொருந்துமா என்பது வேறு கேள்வி. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். பொதுமக்கள் சராசரியோடு ஒப்பிட்டால் மீட்சிக் காலம் குறுகும். ஒருபோதும் கைதாகாதவர்களோடு ஒப்பிட்டால் நீளும்.

வீட்டு வாடகை பற்றிய ஆதாரம் குறைவு, ஆனால் போக்கு அதேதான். மினசோட்டாவில் வைல்டர் ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பதினைந்து வகைக் குற்றப் பதிவுகளில் பதினொன்றுக்குக் குடியிருப்பில் நீடிப்பதோடு கணிசமான தொடர்பு தெரியவில்லை. சிறு குற்றத்தின் தாக்கம் இரண்டு ஆண்டுகளிலும் பெருங்குற்றத்தின் தாக்கம் ஐந்து ஆண்டுகளிலும் கரைந்துவிட்டது.

மூன்றாம் பதில்: தகவல் போனால் ஊகம் வரும்

இது மிகவும் சங்கடமான வாதம். ஏனென்றால் எந்த மக்களுக்கு உதவ நினைக்கிறோமோ அவர்களே விலை கொடுக்கக்கூடும் என்று இது எச்சரிக்கிறது. பதிவு கண்ணில் படாவிட்டால் முதலாளி இனம், வயது, முகவரி ஆகியவற்றை வைத்து ஊகிக்கத் தொடங்கலாம். ஹோல்சர், ரஃபேல், ஸ்டால் ஆகியோர் 2006இல், பின்னணியைச் சரிபார்க்கும் நிறுவனங்கள் கறுப்பினத்தவரை அதிகமாக வேலைக்கு எடுத்ததைக் காட்டினர்.

விண்ணப்பப் படிவத்திலிருந்து 'தண்டிக்கப்பட்டதுண்டா' என்ற கட்டத்தை நீக்கும் சட்டங்கள் இதற்கான சோதனைக்களமாயின. அமாண்டா ஏகனும் சோன்யா ஸ்டாரும் நியூஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் சுமார் 15,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். சட்டத்துக்கு முன் வெள்ளையருக்குக் கறுப்பினத்தவரைவிட 7 சதவீதம் கூடுதல் அழைப்பு வந்தது. சட்டத்துக்குப் பின் அந்த இடைவெளி 43 சதவீதமாகப் பெருகியது. ஜெனிபர் டோலியாக்கும் பெஞ்சமின் ஹேன்சனும் இத்தகைய சட்டங்கள் கல்லூரிப் பட்டம் இல்லாத கறுப்பின இளைஞர்களின் வேலைவாய்ப்பைக் குறைத்ததாகக் கண்டனர்.

இந்த முடிவைக் கிளீன் ஸ்லேட் மீது அப்படியே ஏற்றலாமா? அவசரப்படக் கூடாது. கட்டத்தை நீக்கும் சட்டம் கேள்வியைத் தள்ளிப்போடுகிறது. நேர்காணல் முடிந்ததும் சரிபார்ப்பு நடக்கும் என்பது முதலாளிக்குத் தெரியும், வீணாகும் நேரத்தை அஞ்சியே முன்கூட்டி ஊகிக்கிறார். பதிவை மூடும் சட்டத்தில் முதலாளி வழக்கம்போலச் சரிபார்க்கலாம்; புதிய, கடுமையான பதிவுகள் அவர் கண்ணில் படவே செய்யும். ஆகவே ஊகத்துக்கான தூண்டுதல் குறைவாக இருக்க வேண்டும். இது தர்க்கம் மட்டுமே. தானியங்கி மூடலையே நேரடியாக இந்தக் கோணத்தில் அளந்த வலுவான ஆதாரம் இன்னும் திரளவில்லை.

கஜானா கணக்கு

பொதுச் செலவு என்றதும் பட்ஜெட்தான் நினைவுக்கு வரும். உண்மையில், தரவு ஒழுங்காக இருக்கும் மாநிலத்தில் இது பெரிய சுமை அல்ல. பென்சில்வேனியாவின் நடைமுறையைக் கவனித்தால் காரணம் புரியும். மாநில நீதிமன்ற நிர்வாக அலுவலகம் மாதந்தோறும் தகுதியான பதிவுகளின் பட்டியலைத் தயாரித்து மாநிலக் காவல்துறைக்கு அனுப்புகிறது. தகுதியற்றது ஏதும் இருந்தால் சுட்டிக்காட்டக் காவல்துறைக்கு 30 நாள். மீதமுள்ளவற்றை மூட ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றமும் மாதம் ஒருமுறை ஒரே உத்தரவு போடுகிறது. மாநிலம் முழுவதற்கும் ஒருங்கிணைந்த நீதிமன்றத் தரவுத்தளம் ஏற்கெனவே இருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு விசாரணை வைப்பதோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு.

தரவு ஒழுங்காக இல்லாத மாநிலத்தில் கதை வேறு. அமெரிக்க அட்டர்னி ஜெனரல் 2006இல் தந்த அறிக்கையின்படி, எஃப்.பி.ஐ. வைத்திருந்த கைதுப் பதிவுகளில் ஏறக்குறையப் பாதிக்கு வழக்கின் இறுதி முடிவே பதிவாகியிருக்கவில்லை. கைதானவர் விடுதலையானாரா, தண்டிக்கப்பட்டாரா என்று தெரியாத பதிவை மூடலாமா கூடாதா என்று எந்த நிரலும் தீர்மானிக்க முடியாது. ஒரு மாவட்டத்தில் பெயரின் எழுத்து மாறியிருக்கும், இன்னொன்றில் பிறந்த தேதி விடுபட்டிருக்கும், மூன்றாவதில் கோப்பு காகிதத்திலேயே கிடக்கும்.

தாமதங்களின் பட்டியலே இதற்குச் சாட்சி. கனெக்டிகட் 2023 ஜனவரியில் தொடங்கியிருக்க வேண்டும். சுமார் 44,000 சிறு கஞ்சா வழக்குத் தண்டனைகளை அப்போது நீக்கியது, ஆனால் மற்றவை மேலும் தள்ளிப்போயின. மிஷிகன் 2020இல் சட்டம் இயற்றி 2023 ஏப்ரலில்தான் இயந்திரத்தை இயக்கியது. வர்ஜீனியா தன் தொடக்க நாளை 2025 ஜூலையிலிருந்து 2026 ஜூலைக்கு மாற்றியது. நியூயார்க் தன் நீதிமன்றங்களுக்கு 2027 நவம்பர் வரை அவகாசம் தந்திருக்கிறது. ஆவணங்களைச் சீர்செய்ய ஆகும் இந்தச் செலவில் ஒரு பகுதியைப் பதிவு மூடலின் செலவாகக் கணக்கிடுவது முழு நியாயமல்ல. பல பத்தாண்டுகளாகச் சீர்செய்யாமல் விட்ட நீதித்துறை ஆவணங்களுக்கான கடன் அது, இப்போது வசூலாகிறது.

சட்ட வரைவிலும் செலவு ஒளிந்திருக்கும். பென்சில்வேனியாவின் முதல் சட்டம், நீதிமன்ற அபராதமும் கட்டணமும் பாக்கியிருந்தால் பதிவு மூடப்படாது என்றது. வேலை கிடைக்காததால் கட்டணம் கட்ட முடியாதவர், கட்டணம் கட்டாததால் பதிவு நீங்காதவர், பதிவு நீங்காததால் வேலை கிடைக்காதவர் என்று ஒரே மனிதர் சுழலில் சிக்கினார். 2020இல் இந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய இழப்பீடு மட்டும் விலக்காக நீடித்தது.

சட்டம் மூடியதைச் சந்தை மூடுமா?

நீதிமன்றம் பதிவை மூடினாலும், அதற்கு முன்பே அதை மொத்தமாக வாங்கிய தனியார் நிறுவனங்களிடம் நகல் இருக்கும். 1970ஆம் ஆண்டின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டம் துல்லியத்தைக் கோருகிறது. தண்டனையில் முடியாத கைதுகளைப் பெரும்பாலான வேலைகளுக்கு ஏழாண்டுக்குப் பின் காட்டக் கூடாது என்கிறது. தண்டனைகளுக்கு 1998க்குப் பின் காலவரம்பு கிடையாது. எனவே நீக்க வேண்டிய பதிவுகளின் பட்டியலை மொத்தக் கொள்முதல்காரர்களுக்கு நீதிமன்றங்கள் தொடர்ந்து அனுப்பினால்தான் சட்டம் சந்தையை எட்டும்.

செய்தி ஏடுகளை அது எட்டவே எட்டாது. கனெக்டிகட் சட்டம், வழக்குப் பதிவு அழிக்கப்பட்டவரைக் கைதே செய்யப்படாதவராகக் கருத வேண்டும் என்கிறது. அதை வைத்து, தம் கைது பற்றிய பழைய செய்தி இப்போது பொய்யாகிவிட்டது என்று ஒருவர் செய்தி ஏடுகளை நடத்தும் ஹெர்ஸ்ட் நிறுவனம் மீது வழக்குத் தொடுத்தார். நடந்த நிகழ்வை அச்சட்டம் நடக்காததாக்கிவிடாது என்று 2015இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. பிரிட்டனிலோ, தீர்ந்துபோன தண்டனையைக் கெட்ட எண்ணத்தோடு வெளியிட்டால், உண்மையைத்தான் சொன்னேன் என்ற வாதம் அவதூறு வழக்கில் கைகொடுக்காது. ஒரே நோக்கமுள்ள சட்டம் இரு நாடுகளில் இருவேறு ஆழத்துக்குச் செல்கிறது. அமெரிக்காவில் மறைப்பின் விலையும் பயனும் இரண்டுமே பாதியில் நிற்கின்றன.

மூடிய பின்னும் பதிவு அழிந்துவிடுவதில்லை. காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் அதைப் பார்க்கலாம். நியூயார்க்கில் குழந்தைகளோடும் முதியோரோடும் பணிபுரியும் வேலைகள், துப்பாக்கி உரிமம் ஆகியவற்றுக்கு அது திறக்கும். மத்தியக் குடிவரவுச் சட்டமும் மாநிலத்தின் மூடலைப் பொதுவாக ஏற்பதில்லை. புலம்பெயர்ந்தவருக்கு இது இரட்டைத் தொல்லை. அதிகாரிகள் பழைய வழக்கின் சான்றிட்ட நகலைக் கேட்பார்கள். மாநிலமோ அதை மூடிவிட்டிருக்கும்.

எப்போது மூடுவது?

மேலே சொன்ன மூன்று பதில்களும் சந்திக்கும் இடம் காலம். இங்குதான் அண்மைய ஆய்வுகள் விவாதத்தையே திசைதிருப்பியிருக்கின்றன.

ஏகன், கேரின், கூஸ்டாஸ், மாஸ், யாங் ஆகிய ஐவர் 2024இல் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியா உள்ளிட்ட சில மாநிலங்களின் பதிவு நீக்கங்களை வருமான வரித் தரவோடு பொருத்திப் பார்த்தது. பழைய, சிறிய பதிவுகள் நீங்கியதால் சராசரி வேலைவாய்ப்பில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. செயலி வழிப் பணிகளில் மட்டும் சேர்க்கை கூடியது. ஆரம்ப ஆண்டுகளில் வேலைவாழ்வில் விழுந்த வடு, பல ஆண்டுகளுக்குப் பின் பதிவை மூடியதும் ஆறிவிடுவதில்லை என்பது ஒரு விளக்கம்.

இதற்கு நேரெதிராக, பதிவே உருவாகாமல் தடுத்த இடங்களில் பயன் பெரிதாக இருந்தது. டெக்சஸின் ஹாரிஸ் கவுன்டியில், முதல்முறை பெருங்குற்ற வழக்கில் சிக்கியவர்களின் தண்டனைப் பதிவைத் தவிர்த்தபோது மறுகுற்றம் பாதியாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் வேலைவாய்ப்பு ஏறக்குறைய 50 சதவீதம் கூடியது. மைக்கேல் முல்லர்-ஸ்மித்தும் கெவின் ஷ்னெபெலும் 2021இல் வெளியிட்ட முடிவு இது. பாஸ்டன் நகரை உள்ளடக்கிய சஃபோக் கவுன்டியில், வன்முறையற்ற சிறு குற்றங்களுக்காக வழக்குத் தொடரப்படாதவர்கள் மீது இரண்டாண்டுகளில் புதிய புகார் வரும் வாய்ப்பு 53 சதவீதம் குறைந்தது என்று ஏகன், டோலியாக், ஹார்வி ஆகியோர் கண்டனர். இவ்விரு ஆய்வுகளும் பதிவு மூடலை அளக்கவில்லை. தண்டனையையோ வழக்கையோ தவிர்ப்பதை அளந்தன. பயன் முழுவதையும் பதிவின் கணக்கில் வரவு வைக்க முடியாது. ஆனாலும் திசை தெளிவானது.

இதில் ஒரு முரண் அடங்கியிருக்கிறது. எந்தப் பதிவை மூடினால் சமூகத்துக்கு இழப்பு மிகக் குறைவோ, அந்தப் பத்தாண்டுப் பழைய சிறு குற்றத்தை மூடுவதால் கிடைக்கும் பொருளாதாரப் பயனும் குறைவு. எந்தப் பதிவை மூடினால் பயன் மிகுதியோ, அந்தப் புதிய பதிவில்தான் முதலாளிக்குத் தேவையான தகவலும் மிச்சமிருக்கிறது. அரசியல் சமரசம் முதல் வகையையே தேர்ந்தது. அதனால் எதிர்த்தரப்பு அஞ்சிய ஆபத்தும் பெரிதாக வரவில்லை, ஆதரவாளர் வாக்களித்த வளமும் பெரிதாக வரவில்லை.

சட்டமன்றங்கள் மெல்லக் காலத்தைக் குறைத்து வருகின்றன. பென்சில்வேனியா 2023 டிசம்பரில் சிறு குற்றங்களுக்கான காத்திருப்பைப் பத்தாண்டிலிருந்து ஏழாகக் குறைத்தது. மிஷிகனில் சிறு குற்றத்துக்கு ஏழாண்டு, பெருங்குற்றத்துக்குப் பத்தாண்டு. நியூயார்க்கில் முறையே மூன்றும் எட்டும். மீட்சிக் காலம் பற்றிய ஆய்வுகளோடு வைத்துப் பார்த்தால், பெரும்பாலான சிறு குற்றங்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் என்ற வரம்பு பொறுப்பற்றதாகத் தெரியவில்லை.

மதிப்பீடு

கிடைத்துள்ள ஆதாரங்களிலிருந்து சிலவற்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம். தண்டனையில் முடியாத வழக்குகளையும் பழைய சிறு குற்றங்களையும் தானாக மூடுவதால் பொதுப் பாதுகாப்புக்குப் பெருங்கேடு வந்ததற்கு ஆதாரம் இல்லை. கணக்குப் புத்தகத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய செலவு ஆவணங்களைச் சீர்செய்யும் செலவே. அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. மனு முறையோடு ஒப்பிட்டால் தானியங்கி முறை மலிவானது, நியாயமானது. வேலைவாய்ப்பில் சராசரி முன்னேற்றம் சிறியதாக இருந்தாலும், ஒருபோதும் தண்டிக்கப்படாத ஒருவர் பழைய கைதை ஒவ்வொரு விண்ணப்பத்திலும் விளக்க வேண்டியிருந்த அவமானம் நீங்குவதைச் சமூகம் ஒரு பயனாகவே எண்ண வேண்டும்.

தீராத கேள்விகளும் கனமானவை. காத்திருப்பைக் குறைத்தால் பயன் எந்தப் புள்ளியில் இழப்பை முந்தும்? பலமுறை தண்டனை பெற்றவர்களுக்கு மீட்சிக் காலம் எவ்வளவு? மூடல் பரவலாகும்போது முதலாளிகளின் இன ஊகம் கூடுமா, குறையுமா? குடியிருப்பில் என்ன நடக்கும்? அரசின் செயல்களை ஆராய்பவர்களுக்கு, பெயர்கள் நீக்கிய தரவைத் திறந்து வைக்கும் ஏற்பாட்டை எத்தனை மாநிலங்கள் செய்யும்? பெருவாரியான மூடலில் நேரும் தவறுகளை, அதாவது மூட வேண்டியது திறந்திருப்பதையும் திறந்திருக்க வேண்டியது மூடப்படுவதையும், யார் தணிக்கை செய்வது?

வர்ஜீனியாவும் நியூயார்க்கும் தத்தம் இயந்திரங்களை முழுதாக இயக்கும்போது, வெவ்வேறு காத்திருப்புக் காலங்களும் விலக்குகளும் கொண்ட மாநிலங்களை அருகருகே வைத்து ஒப்பிட முடியும். அந்த ஒப்பீட்டுக்கான தரவைப் பதிவுகள் மூடப்படுவதற்கு முன்பே ஆய்வாளர்களுக்கு உரிய பாதுகாப்போடு எடுத்துவைக்க வேண்டும். பின்னால் அதைத் திரட்ட வழி இருக்காது. மூன்றாண்டா, ஏழாண்டா, பத்தாண்டா என்ற தேர்வு இதுவரை பெரும்பாலும் சட்டமன்றப் பேரத்தில்தான் நடந்திருக்கிறது. ஆதாரத்தின் மேல் நின்று அதைத் தீர்மானிக்கும் வாய்ப்பு அடுத்த சில ஆண்டுகளில் கிடைக்கக்கூடும்.